களவு போன பொருள்கள்: சிட்னியில் ஏழு நாள்

முதல் நாள், சனி

வந்து இறங்கி இரண்டு நாள் தூக்கமும் விழிப்புமாகப் போயிற்று. இன்று காலைதான் தலை தெளிந்தது. மகள் வீடு சிட்னிக்கு மேற்கே டூங்காபியில் இருக்கிறது. தெருவில் மூன்றாவது வீட்டிலிருந்து குக்கர் சத்தம் கேட்கிறது. அடுத்த ஊரான வென்ட்வர்த்வில்லில் முருங்கைக்கீரை கட்டுக்கட்டாக விற்கிறார்கள். மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஊரை விட்டு வந்தோம் என்ற எண்ணமே முதலில் வரவில்லை.

நான் தஞ்சை மாவட்டத்தில் ஒரு நடுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பதினோரு வருடம் தொண்டிப் பொருள் அறை என் பொறுப்பில் இருந்தது. திருட்டு வழக்கில் பிடிபட்ட சாமான் எல்லாம் சாக்கில் கட்டி, அட்டைச் சீட்டு தொங்கவிட்டு, அரக்கு முத்திரை வைத்து அங்கேதான் வரும். பித்தளைக் குடம், சைக்கிள், மோட்டார் பம்பிலிருந்து உருவிய செம்புக் கம்பி, ஒற்றைக் கொலுசு. பதிவேட்டில் வழக்கு எண், பொருளின் விவரம், மதிப்பு என்று கட்டங்கள் இருக்கும். எத்தனை ஆயிரம் வரிகள் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் பட்டியல்களை வருடக்கணக்காக எழுதியவருக்கு ஒன்று புரிந்துவிடும். எது களவு போகிறதோ, அதுதான் அந்த வருடம் அந்த ஊரில் கிடைக்காத பொருள்.

அதனால்தான் இந்த ஊருக்கு வரும்போதே ஒரு ஆசை. திருட்டுக் குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டவர்களைக் கொண்டு கட்டிய நகரம் இது. 1788 முதல் 1868 வரை பிரிட்டன் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கைதிகள் சுமார் 1,62,000 பேர். பெரும்பாலானவர்கள் மேல் இருந்தது திருட்டு வழக்குதான். அவர்களுடைய பட்டியலைப் பார்க்க வேண்டும்.

தேடிப் போகவே வேண்டியிருக்கவில்லை. மகள் குடியிருக்கிற டூங்காபியே 1791-இல் அரசுப் பண்ணையாகத் தொடங்கிய இடம். கைதிகள் மரம் வெட்டி, நிலம் திருத்தி, கோதுமையும் சோளமும் போட்டார்கள். லண்டனே அறிந்த ஜேப்படித் திருடர் ஜார்ஜ் பாரிங்டன் அந்த வருடம் இங்கே வந்து சேர்ந்தார். குதிரைப் பந்தய மைதானத்தில் ஒருவருடைய தங்கக் கடிகாரத்தை எடுத்ததற்கு ஏழு வருடம். நல்ல உடை, நல்ல பேச்சு, நாடகக் கொட்டகையில் பிரபுக்களோடு தோளுரசி உட்கார்ந்து கையை நீட்டுகிறவர் என்று பெயர். இங்கே அவருக்குக் கொடுத்த வேலை காவல். 1796-இல் முழு மன்னிப்புக் கிடைத்தபோது பக்கத்து ஊரான பரமட்டாவுக்கு அவர்தான் தலைமைக் காவலர்.

இரவு சாப்பாட்டில் இதைச் சொன்னேன். "திருடன் கையில சாவியைக் குடுத்திருக்காங்களே, அத்தை" என்றார் மருமகன். அப்படித்தான் எனக்கும் முதலில் தோன்றியது.

இரண்டாம் நாள், ஞாயிறு

டூங்காபியில் ரயில் ஏறி சர்க்குலர் கீ போனோம். மாடி வைத்த ரயில். பேரன் மேல் தளத்தில்தான் உட்கார வேண்டும் என்று அடம் பிடித்தான். இறங்கினால் ஒரு பக்கம் ஆப்பெரா மாளிகை, இன்னொரு பக்கம் பாலம். எல்லோரும் படம் எடுக்கிற திசைக்கு முதுகைக் காட்டி நடந்தால் ராக்ஸ் வந்துவிடும். மணற்பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய குடியிருப்பு. கைதிகள் கட்டிக் குடியிருந்த மேடு.

ஹாரிங்டன் தெருவும் எசெக்ஸ் தெருவும் சேருகிற முனையில், பெரிய விடுதி ஒன்றின் சுவரோரம் ஒரு பலகை இருக்கிறது. நின்று படிக்கிறவர்கள் யாரும் இல்லை. தாமஸ் பாரெட் என்ற கைதி இந்தப் பகுதியில்தான் தூக்கிலிடப்பட்டார். 1788 ஜனவரி 26-ஆம் தேதி கப்பல்கள் இந்தத் துறைக்கு வந்தன. பிப்ரவரி 27-ஆம் தேதி மரத்தில் கயிறு. குடியேற்றத்துக்கு வயது ஒரு மாதமும் ஒரு நாளும்தான். குற்றம், அரசுக் கிடங்கிலிருந்து உணவுப் பொருள் எடுத்தது. வெண்ணெய், பட்டாணி, உப்பிட்ட பன்றிக்கறி.

அடுத்த சில நாளில் ஜேம்ஸ் ஃப்ரீமன் என்ற கைதிக்கும் மரண தண்டனை. மாவு திருடிய வழக்கு. கழுத்தில் கயிறு விழும் நேரத்தில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இனி இந்த ஊரில் தூக்குப் போடுகிற வேலையை நீ செய்வதாக இருந்தால் உயிர் உனக்கு. ஒப்புக்கொண்டார். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று அவர் மறுத்திருக்க முடியுமா? நானாக இருந்தால் மறுத்திருப்பேனா? விடை வரவில்லை.

கிடங்கில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் இந்தக் கடுமை விளங்கும். இங்கிலாந்திலிருந்து எட்டு மாதக் கடல் தூரம். இறங்கிய ஆயிரம் சொச்சம் பேருக்கும் அந்தக் கிடங்கு ஒன்றுதான் சோறு. விதைத்தது முளைக்கவில்லை. ஆளுநர் ஆர்தர் பிலிப் கைதிக்கும் சிப்பாய்க்கும் ஏறக்குறைய ஒரே அளவு உணவு என்று வைத்தார். அது நியாயம்தான். ஆனால் பசிக்கும் ஒரே அளவாகிவிட்டது.

1789 மார்ச்சில் ஒரு காலை, கிடங்கு அதிகாரி கதவைத் திறக்கப் போனார். பூட்டுக்குள் உடைந்த சாவியின் பல் சிக்கியிருந்தது. பூட்டு வேலை தெரிந்த ஒரு கைதியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். இந்தச் சாவியை எனக்குத் தெரியும், ஒரு கடற்படைச் சிப்பாய் திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தச் சிப்பாய் வாயைத் திறந்ததும் ஏழு பேர் மாட்டினார்கள். மாதக்கணக்காக நடந்திருக்கிறது. தங்களில் ஒருவருக்குக் கிடங்குக் காவல் முறை வருகிற இரவில், அவர் நிற்க, மற்றவர்கள் உள்ளே போய் வேண்டியதை எடுப்பது. கடைசி இரவு ரோந்து வருகிற சத்தம் கேட்டு அவசரத்தில் திருகியதில் சாவி ஒடிந்தது. காட்டிக்கொடுத்தவரை விட்டுவிட்டு ஆறு சிப்பாய்களைத் தூக்கிலிட்டார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஒடிந்த சாவிப் பல்! என் அறைக்கு வந்திருந்தால் சின்னத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து முத்திரையிட்டிருப்பேன். இத்தனை சுத்தமான சான்றுப் பொருளை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

அந்த ஆகஸ்டில்தான் இரவுக் காவல் படை அமைத்தார்கள். யோசனை சொன்னவர் ஜான் ஹாரிஸ் என்ற கைதி. வெள்ளிக் கரண்டி திருடி வந்தவர். நல்ல நடத்தை உள்ள 12 கைதிகள், ஊர் நான்கு பகுதி. ஆஸ்திரேலியாவின் முதல் போலீஸ் இதுதான். நேற்று மருமகன் சொன்ன சாவிப் பழமொழி எனக்கு இங்கே நெருடியது. சாவியை மோசம் செய்தவர்கள் சீருடைக்காரர்கள். கைதிக் காவலோ நன்றாகவே நடந்தது. லண்டனில் எத்தனையோ தெருக்களுக்கு இவ்வளவு நல்ல காவல் இல்லை என்று இங்கே நீதி அதிகாரியாக இருந்த டேவிட் காலின்ஸ் எழுதி வைத்திருக்கிறார். பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. அந்தக் காவலர்கள் ஒரு சிப்பாயைப் பிடித்து நிறுத்தினார்கள். கைதி எங்கள் ஆளைத் தொடுவதா என்று படைத் தலைவர் கொதித்தார். ஆளுநர் விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

திரும்பும்போது பேரன் தூங்கிவிட்டான். கால் வலி தாங்கவில்லை. ராக்ஸ் முழுக்கப் படிக்கட்டு.

மூன்றாம் நாள், திங்கள்

மகள் வேலைக்குப் போகும் வழியில் என்னைப் பரமட்டாவில் இறக்கிவிட்டாள். செயின்ட் ஜான் கல்லறைத் தோட்டம். ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான். ஆஸ்திரேலியாவில் மிஞ்சியிருக்கிற வெள்ளையர் கல்லறைத் தோட்டங்களில் இதுவே பழையது.

இங்கே ஒரு கல்லைத் தேடி வந்தேன். தரையோடு படுத்த மணற்கல். ஒரு பெயர், 1791 என்ற வருடம், அவ்வளவுதான். எச். இ. டாட். ஆளுநர் பிலிப்பின் பணியாளர். இங்கே பயிர் வேலையை மேற்பார்வை பார்த்தவர். அவர் கையில் மண் கேட்டது. 26 பவுண்டு எடையுள்ள ஒரு முட்டைக்கோசை இங்கிருந்து சிட்னிக்குக் கொண்டுபோனதாகக் குறிப்பு இருக்கிறது. கிட்டத்தட்ட பன்னிரண்டு கிலோ. பஞ்ச காலத்தில் அப்படி ஒரு தோட்டம் வைத்திருப்பவருக்குத் தூக்கம் எங்கே வரும்? ஒரு இரவு காய் பறிக்க ஆள் வந்த அரவம் கேட்டது. போட்டிருந்த சட்டையோடு வெளியே போய், மூன்று நான்கு மணி நேரம் இருட்டில் தேடி அலைந்தார். அதில் உடம்பு கெட்டதுதான். எழுந்திருக்கவே இல்லை. ஜனவரி கடைசியில் இறந்தார்.

முட்டைக்கோசுக்கு ஒரு காவல்காரர் செத்தார் என்று எழுதினால் கதை முடிந்த மாதிரி இருக்கிறது. திருட வந்தவர் யார் என்று எந்தப் பதிவிலும் எழுதவில்லை. அவருக்கும் அன்று இரவு என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்போல இருந்தது. ஈரப் புல்லில் வெகு நேரம் நின்றேன்.

அந்த வருடத்துக்கு முந்தைய வருடம், 1790, மிகக் கொடியது. சாமான் எதிர்பார்த்த கப்பல் வரவில்லை. இருந்த பெரிய கப்பல் சிரியஸ் மார்ச்சில் நார்ஃபோக் தீவுப் பாறையில் மோதி உடைந்தது. ஏப்ரலில் வாரத்துக்கு ஓர் ஆளுக்கு அளந்தது இரண்டரைப் பவுண்டு மாவு, இரண்டு பவுண்டு அரிசி, இரண்டு பவுண்டு பன்றிக்கறி. அதாவது ஏழு நாளைக்கு ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலாக மாவும், ஒரு கிலோவுக்குக் குறைவாக அரிசியும். அந்த அரிசியின் ஒவ்வொரு மணியும் உள்ளே குடியிருந்த பூச்சிகளால் நகர்ந்தது என்று வாட்கின் டென்ச் என்ற படை அதிகாரி எழுதியிருக்கிறார். ஆளுநர் தன் சொந்த மாவையும் பொதுக் கிடங்கில் போட்டுவிட்டார். அவர் வீட்டு விருந்துக்குக் கூப்பிட்டால் அவரவர் ரொட்டியை அவரவர் கொண்டு போக வேண்டும்.

அந்த மே மாதம் ஒரு முதியவர், கைதி, கிடங்கு வாசலில் தன் பங்கை வாங்க வந்த இடத்தில் விழுந்து இறந்தார். அறுத்துப் பார்த்தபோது வயிறு காலியாக இருந்தது. அவருக்குப் பங்கு கொடுக்காமல் இல்லை. தவறாமல் கொடுத்தார்கள். ஆனால் சமைக்க அவரிடம் பாத்திரம் இல்லை. பாத்திரம் வைத்திருப்பவர்கள், அதை இரவல் தருவதற்கு அவருடைய அரிசியிலும் மாவிலும் ஒரு பங்கை வாங்கிக்கொண்டார்கள். மிச்சத்தில் ஒரு உயிர் எத்தனை நாள் நிற்கும்? இதையும் காலின்ஸ்தான் எழுதியிருக்கிறார். இரண்டு முறை படித்தேன். பாத்திரத்துக்கு வாடகை. அந்த முதியவரின் பங்கைத் தின்றவர்கள் மேல் வழக்கு இல்லை. கொடுத்து வாங்கியது, அவ்வளவுதான்.

எங்கள் பொருள் அறையில் அண்டா, குடம், தவலை என்று குவிந்துகிடந்த வருடங்கள் ஞாபகம் வந்தன. காவிரியில் தண்ணீர் வராத வருடங்கள்தான் அவை. பித்தளை எடைக்குப் போகும். ஒரு பாட்டி தன் குத்துவிளக்குக்காக விசாரணைக்கு விசாரணை வந்து உட்காருவார். வழக்கு முடிந்து விளக்கைக் கையில் வாங்கும்போது, வீட்டில் அதை ஏற்ற யாரும் இல்லை, நானும் மகன் வீட்டுக்குப் போகிறேன் என்றார். அத்தனை வருடம் தாமதம் ஆனதில் என் கையெழுத்தும் இருக்கிறது.

ஒரு செய்தி மனதைக் கொஞ்சம் தேற்றியது. 1792 ஜூனில் அட்லாண்டிக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து அரிசியும் ரவையும் பருப்பும் ஏற்றிக்கொண்டு இங்கே வந்தது. பருப்பு அவர்களுக்குப் பிடிக்கவில்லையாம். என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நான்காம் நாள், செவ்வாய்

நாள் முழுக்க மழை. வெளியே போகவில்லை. மகளுடைய டேப்லெட்டில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் பழைய விசாரணைக் குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டேன். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். இருநூறு, முந்நூறு வருடத்துப் பதிவேடு. எனக்குத் தெரியாத ஊர், எனக்குத் தெரிந்த கட்டங்கள். பொருளின் விவரம், மதிப்பு.

அந்த மதிப்புக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில் குடியிருப்பு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. அதனால் ஜூரிகள் பல வழக்கில் குற்றம் உண்மை, மதிப்பு மட்டும் 39 ஷில்லிங் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பொருள் கண்ணெதிரே இருக்கும். விலை எல்லோருக்கும் தெரியும். ஒரு ஷில்லிங்கைக் குறைத்து எழுதி ஓர் உயிரைக் காப்பாற்றிவிடுவார்கள். 39 என்று வருகிற ஒவ்வொரு பக்கத்திலும் நான் நின்று நின்று போனேன். முகம் தெரியாத அந்த ஆட்களிடம் எனக்கு அன்பு உண்டாயிற்று. பதிவேட்டில் பொய் எழுதக் கூடாது என்று பயிற்சி பெற்றவள் நான். ஆனாலும் அந்தப் பொய்யை நான் மதிக்கிறேன்.

நம் பழைய தண்டனைச் சட்டத்தில் இந்த மதிப்புக் கணக்கு கிடையாது. பத்து ரூபாயோ பத்து லட்சமோ, திருட்டுக்கான 379-ஆம் பிரிவு என்றால் மூன்று வருடம் வரை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில்தான், முதல் தடவை, பொருள் 5,000 ரூபாய்க்குள், திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் சமூக சேவை போதும் என்று சேர்த்திருக்கிறார்கள். எனக்கு இது நல்ல மாற்றமாகவே படுகிறது.

பிற்பகல் ஜான் ஹட்சன் வழக்கைப் படித்தேன். 1783 டிசம்பர். புகைக்கூண்டு சுத்தம் செய்கிற பையன். வயது என்ன என்று நீதிபதி கேட்கிறார், ஒன்பது ஆகப் போகிறது என்கிறான். ஒரு வீட்டு ஜன்னலை உடைத்துப் புகுந்து ஒரு சட்டை, பட்டுக் காலுறைகள், ஒரு துப்பாக்கி, இரண்டு ஏப்ரன் எடுத்தான் என்று வழக்கு. உடைந்த ஜன்னலிலும் மேசைமேலும் கரி படிந்த கால்விரல் தடங்கள். சின்னத் தடங்கள். புகைக்கூண்டுக்குள் ஏற்றி இறக்குவதற்குச் சின்ன உடம்புப் பையன்களைத்தான் வேலைக்கு வைப்பார்கள். அந்தக் கரி கழுவினாலும் போகாது.

கன்னக்களவு என்றால், அதாவது இரவில் வீடு உடைத்துப் புகுந்தது என்றால், தூக்கு. நம்மிடமும் 457 தனிப் பிரிவாக, கூடுதல் தண்டனையோடு இருந்ததற்கு வேர் அந்த ஊர்ச் சட்டம்தான். நீதிபதி இரவு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரருக்குத் தெரிந்ததே காலை எட்டு மணிக்கு. விடிந்த பிறகு பையன் நுழைந்திருக்கலாம் அல்லவா? கன்னக்களவு நிரூபணம் ஆகவில்லை, திருட்டு மட்டும். ஏழு வருட நாடு கடத்தல். முதல் கப்பல் தொகுதியில் வந்து இறங்கும்போது அவனுக்கு வயது பதின்மூன்று. அதுவரை கப்பல்களிலும் மிதக்கும் சிறைகளிலும் வளர்ந்திருக்கிறான். பிறகு நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினார்கள். 1791-இல், இரவு ஒன்பது மணிக்கு மேல் குடிசைக்கு வெளியே இருந்ததற்காக 50 கசையடி.

மகள் வந்து, "கண்ணு சிவந்திருக்கே, ரொம்ப நேரம் பார்க்காதம்மா" என்று டேப்லெட்டை வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள், புதன்

ஹைட் பார்க் பாரக்ஸ். கைதிகள் தங்குவதற்குக் கட்டியது. செங்கல் கட்டடம், மூன்று தளம், மேலே கடிகாரம். 1819-இல் திறந்தது. வரைபடம் போட்ட ஃபிரான்சிஸ் கிரீன்வேயும் கைதிதான். பிரிஸ்டலில் ஓர் ஆவணத்தைப் பொய்யாகத் தயாரித்து மாட்டியவர். கட்டி முடித்த மகிழ்ச்சியில் ஆளுநர் மெக்குவாரி அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

அதற்கு முன்னால் கைதிகளுக்குப் பகலில் அரசு வேலை, இரவில் எங்கே வேண்டுமானாலும் தங்கிக்கொள்ளலாம். தங்குமிடத்துக்கு அவர்களே வாடகை கொடுக்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவார்கள்? ஊரில் இரவுத் திருட்டு ஓயவில்லை. 600 பேரைத் துணித் தொட்டில் கட்டி ஒரே கூரையின் கீழ் படுக்கவைத்ததும், முன்பு நடந்த இரவுக் களவில் பத்தில் ஒரு பங்கு கூட இப்போது இல்லை என்று மெக்குவாரி லண்டனுக்கு எழுதினார். பூட்டிவைத்ததால் குறைந்தது என்று அவர் நினைத்தார். படுக்க இடமும் சோறும் கிடைத்ததால் குறைந்தது என்று நான் நினைக்கிறேன்.

காதில் ஒலிக்கருவி மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மேல் மாடியில் தொட்டில் படுக்கைகளை வரிசையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடத் தரைப்பலகைதான் முக்கியம். எலிகள் துணி, காகிதம், சின்னச் சாமான் எல்லாவற்றையும் பலகைக்கு அடியில் இழுத்துக்கொண்டு போய்க் கூடு கட்டியிருக்கின்றன. ஈரம் படாமல் அப்படியே இருந்திருக்கிறது. தோண்டியபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. அதில் ஒரு கைதியின் கோடு போட்ட சட்டை. எண்ணற்ற ஊசி, நூல், பொத்தான். பின்னால் இது பெண்கள் விடுதியாக இருந்த காலத்துச் சாமான்களும் கலந்திருக்கின்றன. அயர்லாந்துப் பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்து கப்பலேறிய பெண்பிள்ளைகள் வந்து தங்கிய இடமும் இதுவே.

கீழ்த் தளத்தில் பழைய சிட்னி கெஜட் பற்றிப் பேச்சு வந்தது. 1803-இல் வந்த முதல் செய்தித்தாள். அச்சிட்டவர் ஜார்ஜ் ஹோ, கடையில் திருடிய வழக்கில் வந்தவர். அதே வருடம் ஆகஸ்டில் ஒரு பெண் வீட்டிலிருந்து பணம் வைத்த மேசைப் பெட்டி காணாமல் போனது. தேடிப் போன காவலர் ஜோசப் லூக்கர் காலையில் பிணமாகக் கிடந்தார். பணியில் கொல்லப்பட்ட முதல் ஆஸ்திரேலியப் போலீஸ்காரர். அவரும் ஈயத் தகடு திருடி வந்தவர்தான். அந்த வழக்கில் ஜோசப் சாமுவேல் என்ற இளைஞருக்குத் தூக்கு. கயிறு மூன்று முறை கைவிட்டது. கூடியிருந்த மக்கள் கூச்சல் போட, ஆளுநர் கிங் உயிர் கொடுத்தார். பறி கொடுத்தவர், தேடிய காவலர், தூக்குமேடையில் நின்றவர், செய்தியை அச்சிட்டவர் என்று எல்லோரும் அந்தச் சின்ன ஊருக்குள்ளே ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள்.

ஆறாம் நாள், வியாழன்

பாரங்காரூ என்று ஒரு மெட்ரோ நிலையம். கண்ணாடிக் கோபுரங்கள், கடலோர நடைபாதை, மதிய உணவுக்கு வெளியே வந்த அலுவலகக் கூட்டம். பெயர் ஒரு பெண்ணுடையது. இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களில் ஒருவர், பெனலாங் என்பவரின் மனைவி. 1791-இல் இறந்துவிட்டார். அதே வருடம் அவர் செய்த ஒரு காரியத்துக்காகத்தான் வந்தேன்.

இந்தத் துறைமுகத்தின் மக்கள் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். தூண்டில் நூல், ஈட்டி, கூடை எதையும் அவர்கள் பூட்டி வைத்ததில்லை. கைதிகள் அவற்றை எடுத்துக் கப்பல்காரர்களிடம் விற்றார்கள். தூண்டிலை இழந்த குடும்பம் அன்றைக்குப் பட்டினி. ஆளுநர் தடுக்கப் பார்த்தார். தாரிங்கா என்ற பெண்ணின் மீன்பிடிச் சாமானைத் திருடிய ஒரு கைதியைப் பிடித்துக்கொண்டுவந்து, அவர்கள் கண்முன்னாலேயே சவுக்கால் அடிக்க உத்தரவிட்டார். எங்கள் நீதியைப் பாருங்கள் என்று காட்டத்தான். முதுகில் தோல் உரிந்ததும் கூடியிருந்த அத்தனை பேர் முகத்திலும் அருவருப்பு. பொருளைப் பறிகொடுத்த தாரிங்கா அழுதார். பாரங்காரூ ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு, அடிக்கிறவனை அடிக்கப் பாய்ந்தார். டென்ச் பார்த்து எழுதியது இது.

பறிகொடுத்தவரே அழுகிற விசாரணையை நானும் பார்த்திருக்கிறேன். சைக்கிள் திருடிய பையனை விலங்கோடு கூட்டிவந்தபோது, சைக்கிள்காரர் எழுந்து, எனக்கு வழக்கே வேண்டாம் ஐயா என்று கும்பிட்டார். அவர் சொன்னதைக் குறிக்கக் கட்டம் இல்லை.

நடைபாதை ஓரத்து மணற்கல்லில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூண்டிலுக்கு 50 அடியோ 150 அடியோ போட்டார்கள். தூண்டில் போட்ட கரையையே எடுத்துக்கொண்டதற்கு எந்தப் பதிவேட்டிலும் வரி இல்லை. விவரம் இல்லை, மதிப்பும் இல்லை. ஒரு பெண்ணின் பெயரை நிலையத்துக்கு வைத்திருக்கிறார்கள். அதை ஒலிபெருக்கியில் ஒவ்வொரு ரயிலுக்கும் சொல்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஏழாம் நாள், வெள்ளி

இன்று எங்கும் போகவில்லை. மாலை பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தேன். தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் சாமான் குவிந்திருந்தது. வேண்டாததை வெளியே வைத்தால் நகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகுமாம். மெத்தை, மேசை, கால் உடைந்த நாற்காலி, மிதிவண்டி கூட. மூடியோடு ஒரு பாத்திரம். கனமான அடி, இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒடுக்கு இல்லை, ஓட்டை இல்லை. ஐந்தாறு பேருக்குச் சோறு வடிக்கலாம்.

"எடுத்துக்கலாம் அம்மாச்சி. வேணும்கிறவங்க எடுத்துக்குவாங்க" என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. படியேறி மணியை அடித்தேன். வயதான வெள்ளைக்காரப் பெண்மணி கதவைத் திறந்தார். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது உங்களுடையதா, நான் எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு சிரித்துக்கொண்டே தலையசைத்தார். நன்றி சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருப்பேன். கண் கலங்கியதைப் பார்த்துப் பேரன் கையைப் பிடித்துக்கொண்டான்.

வந்ததும் சாம்பல் இல்லாததால் புளி போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று வந்துவிட்டது. அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, துவரம்பருப்பும் மஞ்சளும் போட்டு அடுப்பில் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது கொதிக்கத் தொடங்கிவிட்டது.